பத்தமடை: கோரை பாயாகும் ஊர்

தமிழ்நாட்டில், திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் செல்லும் சாலையில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில் பத்தமடை எனும் சிற்றூர் அமைந்துள்ளது. சாலையோரம் நெல் வயல்களும் வாழைத் தோட்டங்களும் பசுமையாகக் காட்சியளிக்கும். மேற்கே மலைத்தொடர் நீல நிறத்தில் நீண்டு கிடக்கும். தாமிரபரணி ஆற்றிலிருந்து பிரியும் கன்னடியன் கால்வாய் இவ்வட்டார வயல்களுக்கு நீர் தருகிறது.

காலைப் பொழுதில் தேநீர்க் கடை, பேருந்துக்குக் காத்திருக்கும் மாணவர்கள், மிதிவண்டியில் வயலுக்குச் செல்லும் உழவர்கள் எனத் தென்தமிழகத்தின் மற்ற ஊர்களைப் போலவே பத்தமடையும் தோன்றும். ஆனால், தெருவுக்குள் நுழைந்தால் வேறுபாடு புலப்படும். சுவரோரம் கோரைக் கட்டுகள் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். சாயமேற்றிய கோரை சிவப்பும் பச்சையுமாக வெயிலில் காயும். திறந்திருக்கும் வீட்டுக்குள்ளிருந்து அச்சு அடிக்கும் ஓசை சீராகக் கேட்கும். இவ்வூரின் புகழுக்குக் காரணம் அந்த ஓசைதான்.

கோரை என்பது ஆற்றங்கரையிலும் ஈர நிலத்திலும் வளரும் ஒருவகைப் புல். வயலில் முளைத்தால் களை என்று பிடுங்கி எறியப்படும் இப்புல், பத்தமடையில் கலைப்பொருளாகிறது. பச்சையாக இருக்கும்போதே அறுக்கப்படும் கோரையைக் கீறி, மெத்தென்ற உட்பகுதியை நீக்குவர். பின்னர் அதைக் காயவைத்து, ஓடும் நீரில் பல நாள்கள் ஊறவைப்பர். ஊறிய கோரை பருத்து, வளைந்து கொடுக்கும் தன்மையைப் பெறும். மீண்டும் உலர்த்திய பின், அதை மெல்லிய இழைகளாகக் கிழிப்பர். இழை எவ்வளவு மெல்லியதோ, பாய் அவ்வளவு மென்மையாகும். அவசரப்பட்டால் கோரை முறிந்துவிடும். ஆகவே, இத்தொழிலின் முதல் பாடம் பொறுமையே.

பாய்த்தறி தரையோடு தரையாகக் கிடைமட்டத்தில் அமைந்திருக்கும். பருத்தி நூலையோ பட்டு நூலையோ நீளவாக்கில் பாவாகக் கட்டுவர். குச்சாலி எனும் நீண்ட குச்சியின் உதவியால் கோரை இழையைக் குறுக்கே செலுத்தி, அச்சால் அடித்து நெருக்குவர். பாவு நூல்கள் நெருங்க நெருங்கப் பாயின் நயம் கூடும். அந்த நெருக்கத்தை எண்ணிக்கையால் குறிப்பிடுவது வழக்கம். முரட்டுப் பாயின் எண்ணிக்கை 50ஐத் தாண்டாது. பட்டுப் பாயின் எண்ணிக்கையோ 100ஐக் கடந்துவிடும். அத்தகைய பாயைத் துணி போல மடித்துச் சிறு பெட்டிக்குள் வைத்துவிடலாம்.

பத்தமடையில் இக்கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருபவர்கள் பெரும்பாலும் இஸ்லாமியக் குடும்பத்தினர். அவர்களுள்ளும் பெண்களின் பங்கு பெரிது. அவர்கள் நெய்யும் பாய், சமய வேறுபாடின்றிப் பல வீட்டுத் திருமணங்களில் விரிக்கப்படுகிறது. மணமக்களின் பெயர்களையும் திருமண நாளையும் பாயிலேயே நெய்து தருவது இவ்வூரின் தனிச்சிறப்பு. 1953ஆம் ஆண்டு இரண்டாம் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவிற்குப் பத்தமடைப் பாய் ஒன்று அனுப்பப்பட்டதை ஊரார் இன்றும் பெருமையோடு கூறுவர்.

இவ்வூருக்கும் மலாயாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1887இல் பத்தமடையில் பிறந்த குப்புசாமி என்பவர், 1913இல் கப்பலேறி மலாயாவுக்கு வந்தார். சிரம்பான் வட்டாரத்திலும் ஜொகூர் பாருவிலும் மருத்துவப் பணியாற்றிவிட்டு 1923இல் இந்தியா திரும்பினார். பின்னாளில் ரிஷிகேசத்தில் துறவு பூண்டு, சுவாமி சிவானந்தர் என உலகறியப் பெற்றவர் அவரே.

மலேசியாவில் மெங்குவாங் இலைகளால் பாய் முடையும் மரபு இருப்பதை அறிவோம். இரண்டுமே நீர்வளமுள்ள நிலத்தில் வளரும் தாவரங்களால் ஆனவை. இரண்டிலும் பெண்களின் கைவண்ணம் மிளிர்கிறது. எனினும், மெங்குவாங் பாய்க்குத் தறி தேவையில்லை, விரல்களே தறி. பத்தமடைப் பாய் தறியில் நெய்யப்படுவது.

இத்துணைச் சிறப்பிருந்தும், இன்று தறியில் அமரும் இளையோர் குறைந்து வருகின்றனர். நயமான பட்டுப் பாய் ஒன்றை நெய்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். பல மணி நேரம் குனிந்து நெய்வதால் முதுகும் முழங்காலும் வலிக்கும். கடையில் நெகிழிப் பாய் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. “உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது” எனும் பழமொழி உழவருக்கு மட்டுமன்றி நெசவாளருக்கும் பொருந்தும். தாய்க்குக் கைவந்த கலையை மகள் கற்க மறுத்தால், அதனைச் சோம்பல் என்று சொல்லிவிட முடியுமா? பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குச் செல்ல வேண்டும் என்று விரும்பும் தாய்மாரும் உண்டு.

பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. வேறு ஊர்ப் பாய்களை இப்பெயரில் விற்பதை அது தடுக்கும். கைப்பை, மேசை விரிப்பு போன்ற புதிய பொருள்களும் இப்போது கோரையால் செய்யப்படுகின்றன. இவை நல்ல முயற்சிகளே. ஆயினும், குறியீடு பெயரைக் காக்குமே தவிர, நெய்பவருக்குக் கூலியைத் தந்துவிடாது. ஒரு பாயின் விலையைக் கேட்டு வியப்பவர்கள், அதற்குள் அடங்கியிருக்கும் நாள்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நெசவாளருக்கு உரிய ஊதியம் கிடைத்தால்தான் பத்தமடைத் தெருக்களில் அச்சு ஓசை தொடர்ந்து கேட்கும்.

அருஞ்சொற்பொருள்
பாவு – தறியில் நீளவாக்கில் கட்டப்படும் நூல்
அச்சு – இழைகளை அடித்து நெருக்கும் தறிக்கருவி
நயம் – மென்மை, உயர்ந்த தரம்
முடைதல் – பின்னுதல்
உழக்கு – பழைய முகத்தலளவை

கருத்துணர் வினாக்கள்
1. கோரை, பாய் நெய்வதற்கு எவ்வாறு பக்குவப்படுத்தப்படுகிறது?
2. முரட்டுப் பாய்க்கும் பட்டுப் பாய்க்கும் உள்ள வேறுபாடு யாது?
3. “குறியீடு பெயரைக் காக்குமே தவிர, நெய்பவருக்குக் கூலியைத் தந்துவிடாது.” இக்கூற்றை விளக்குக.
4. உமது வட்டாரத்தில் உள்ள கைத்தொழில் ஒன்றைப் பற்றி 80 சொற்களில் எழுதுக.