கம்பளி பின்னுவோர் கவனத்திற்கு

உதகை, கொடைக்கானல் போன்ற குளிர்ப் பிரதேசங்களில் ஸ்வெட்டரையும் காலுறையையும் வீட்டிலேயே பின்ன விரும்புவோர், நூற்கண்டுகளின் சுற்றுத்தாளில் அச்சிட்டிருக்கும் சாயத் தொகுதி எண் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, ஒரு கண்டு அதிகமாகவே வாங்கிவைப்பது உத்தமம். பிற்பாடு வாங்கும் நூல் அதே வர்ணமாயினும் சாயல் வேறுபட்டு, முதுகில் பட்டையாகத் தெரியும்.

அவசரக்காரர்களுக்கு அலுப்பாக இருப்பினும், முதலில் 15 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு மாதிரித் துண்டு பின்னி, துவைத்து உலர்த்தி, அதன் நடுவே 10 சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணிகள் வருகின்றன என்று எண்ணவேண்டும். 22 வரவேண்டிய இடத்தில் 20 வந்தால், 90 சென்டிமீட்டர் மார்பளவுக்கு உத்தேசித்த ஸ்வெட்டர் 99 ஆகி, மகனுக்குப் பின்னியது தகப்பனாருக்குத்தான் உபயோகப்படும். மெல்லிய ஊசிக்கு மாறினால் இத்தொல்லை தீரும்.

சிறியதுதானே என்று காலுறையில் தொடங்குவோர் பெரும்பாலும் குதிகால் திருப்பத்தில் திணறுவர். அவ்விடத்திலும் விரல் நுனியிலும் நைலான் இழை சேர்த்துப் பின்னாவிடில் சீக்கிரமே ஓட்டை விழும். ஒரு காலுக்கு முடித்ததும் மறு காலை மறந்துவிடுவதும் சகஜமே!

துவைக்க வெந்நீர் கூடாது; ஈர ஸ்வெட்டரைக் கொடியில் தொங்கவிடாமல், துவாலையில் சுருட்டி நீரை ஒற்றியெடுத்து, நிழலில் தட்டையாக விரித்து உலர்த்துக.