நுனி பிளந்த முடிக்கு என்ன செய்யலாம்?

கேள்வி: முடி வறண்டு, நுனி இரண்டாகப் பிளக்கிறது. வீட்டு வைத்தியம் சொல்லுங்களேன்.
– வாசகி, சேத்தியாத்தோப்பு

பதில்: பிளந்த நுனியை எந்த எண்ணெயாலும் ஒட்டவைக்க முடியாது, அரை அங்குலம் வெட்டிவிடுங்கள். மாதம் சுமார் 1 செ.மீ. வளர்ந்துவிடும். மீதியைக் காப்பதுதான் முக்கியம். தலைக்குக் குளிப்பதற்கு முதல் நாள் இரவே தேங்காய் எண்ணெயை நுனிவரை தடவுங்கள். அது முடிக்குள் ஊறி, அலசும்போது புரதம் போவதைக் குறைக்கும். ஐந்தாறு செம்பருத்தி இலைகளைத் தண்ணீரில் கசக்கினால் வழவழவென்று சாறு வரும். வடிகட்டித் தேய்த்து அலசுங்கள். ஊறிய வெந்தயத்தை மைய அரைத்தும் பூசலாம். போர் தண்ணீர் உப்பாக இருந்தால், கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் எடுங்கள். ஈரத்தலையைத் துண்டால் அடித்துத் துவட்டாதீர்கள்; வெயிலில் போகும்போது தலையை மூடிக்கொள்ளுங்கள். முடி கொத்தாகக் கொட்டினால் இரத்தசோகை, தைராய்டு பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.