சாய ஊசியும் சிறுநீரகமும்: மறுநாள் கணக்கை நம்பலாமா?



நெஞ்சு வலித்தாலும் கடைசி நிமிஷம் வரை கல்லாவை விட்டு எழுந்திருக்காதவர்கள் நாம். ஆஸ்பத்திரியில் படுத்தாலும், கடைக்கு எப்போது திரும்பலாம் என்பதே முதற் கேள்வி. சுங்கை பட்டாணியில் மளிகைக் கடை நடத்தும் என் மச்சானும் அப்படித்தான். பத்து வருஷமாக நீரிழிவு உள்ளவர். இருதயக் குழாயில் சாயம் செலுத்திப் படம் எடுத்து, அடைப்பையும் நீக்கினார்கள். மறுநாள் காலை ரத்தம் சோதித்து, சரியாயிருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுபடி எப்போது சோதிப்பது என்று அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அன்று மாலையே மச்சான் கடையில்! முழங்கால் வலிக்கு மாத்திரை வேறு. நான்காம் நாள் கால் வீங்கி, சிறுநீர் குறைந்து, திரும்பவும் ஆஸ்பத்திரி. கிரியேட்டினின் இரண்டு மடங்காகியிருந்தது. டயாலிசிஸ் வரை போகாமல் தேறினார், அல்ஹம்துலில்லாஹ்.

மறுநாள் சரியாயிருந்த ரத்தம் நான்காம் நாள் கெட்டது எப்படி? மதரசாவும் ஆரம்பப் பள்ளியும் மட்டும் கண்ட நான், டாக்டர்களிடம் கேட்டு விளங்கிக்கொண்டதை எழுதுகிறேன்.

1958ல் அமெரிக்க டாக்டர் மேசன் சோன்ஸ் இருதயக் குழாயிலேயே சாயம் செலுத்திப் படம் எடுத்தார். அந்த வழிதான் இன்றும். சாயத்தில் அயோடின் இருக்கிறது. அதை உடம்பிலிருந்து வெளியேற்றுவது சிறுநீரகம். அப்போது சிறுநீரகத்தின் உட்பகுதியில் ரத்த ஓட்டம் குறையலாம், அங்குள்ள நுண்குழாய்களும் காயப்படலாம். பெரும்பாலோருக்கு ஒன்றும் நேராது. நீரிழிவு, ஏற்கெனவே பழுதான சிறுநீரகம், பலவீனமான இருதயம், உடம்பில் நீர் வற்றிய நிலை, இவை உள்ளவர்க்கே அபாயம் அதிகம். 2019ல் எடுத்த தேசிய ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. ஆகவே இது நம் வீட்டு விஷயம்.

கிரியேட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு. சிறுநீரகம் காயப்பட்டவுடன் அது ஏறுவதில்லை. ஒன்றிரண்டு நாளில் ஏறத் தொடங்கி, மூன்று முதல் ஐந்து நாளில் உச்சத்தை அடையும். கிட்டங்கியில் அரிசி மூட்டையை வண்டு அரிப்பது முதல் நாளே தொடங்கும். நமக்குத் தெரிவதோ சரக்கை எடை போடும் நாளில். கிரியேட்டினின் அந்த எடைக் கணக்கு.

மூட்டையடியில் முதலில் உதிரும் மாவைக் கண்டுபிடிக்க முடியாதா? அதற்குத்தான் புதுச் சோதனைகள். என்.ஜி.ஏ.எல். என்னும் புரதம், காயப்பட்ட நுண்குழாயிலிருந்து சில மணி நேரத்திலேயே சிறுநீரில் பெருகும். 2005ல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் பிரசாத் தேவராஜன் குழுவினர், இருதய அறுவை செய்த 71 குழந்தைகளைச் சோதித்தார்கள். சிறுநீரகம் பழுதான குழந்தைகளைக் கிரியேட்டினின் காட்ட 1 முதல் 3 நாள் ஆயிற்று; இப்புரதம் 2 மணி நேரத்தில் காட்டிவிட்டது. பின்னர் போலந்து டாக்டர்கள், சாயம் செலுத்திய இருதய நோயாளிகளிடமும் இது சில மணி நேரத்தில் ஏறக் கண்டார்கள். சிஸ்டாட்டின்-சி, கிம்-1 என்பனவும் இவ்வகையே.

ஆனால் வேறு நோய்த் தொற்று இருந்தாலும் என்.ஜி.ஏ.எல். ஏறும், பொய் மணியும் அடிக்கும். அமெரிக்க அரசு 2023 டிசம்பரில் இச்சோதனைக்குக் கொடுத்த அனுமதி, 3 மாதம் முதல் 21 வயது வரையுள்ள நோயாளிகளுக்கே. நம் வயதுக்காரர்க்கு எங்கும் வழக்கமாகிவிடவில்லை. அதுவரை பழைய கணக்கையே சரியான நாளில் பார்ப்பதுதான் புத்தி.

ஆதலால் நினைவில் வையுங்கள்:

1. சாயத்துக்கு அஞ்சி இருதய சிகிச்சையை மறுக்காதீர்கள். அடைப்பு அதைவிடப் பெரிய ஆபத்து.

2. நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, உண்ணும் மாத்திரைகள் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லுங்கள். மெட்ஃபார்மினை நிறுத்த வேண்டுமா என்று கேளுங்கள்.

3. தண்ணீர் எவ்வளவு குடிப்பதென்று டாக்டரே சொல்லட்டும். பலவீனமான இருதயத்துக்கு மிகுதியும் கெடுதல். நோன்பு மாதமாயின், நோயாளிக்குப் பின்னால் நோற்கும் சலுகை உண்டென்பதை மறவாதீர்கள்.

4. டாக்டரைக் கேளாமல் வலி மாத்திரை வேண்டாம்.

5. வீடு திரும்புமுன், "இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டுமா?" என்று கேட்டு, தேதியை எழுதி வாங்குங்கள்.

கடையை நாலு நாள் மகன் பார்த்துக்கொள்வான். சிறுநீரகத்தின் வேலையை யாரும் மாற்றிப் பார்க்க முடியாது.