விவாகரத்தும் மரணசாசனமும்

இடப்பெயர்வில் கணவன் ஓரிடம், மனைவி ஓரிடம் என்று பிரிந்த குடும்பங்கள் பல. ஊர் திரும்பிக் காணி உறுதிகளைத் தேடும்போது, முன்பு எழுதிய மரணசாசனம் (இறுதி விருப்பாவணம்) இன்னும் செல்லுமா என்ற கேள்வி வருகிறது.

விவாகரத்துக் கிடைத்தால் பழைய சாசனம் தானாக இரத்தாகிவிடும் என்றே பலர் நம்புகிறார்கள். இலங்கைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, எழுதியவர் பின்னர் திருமணம் செய்தால், புதிய சாசனமோ இரத்துப் பத்திரமோ முறைப்படி எழுதினால், அல்லது வேண்டுமென்றே அதைக் கிழித்தால், எரித்தால் அது இரத்தாகும். அந்தப் பட்டியலில் விவாகரத்து இல்லை. மனைவியின் பெயரைக் குறித்து வளவை எழுதிவைத்த ஒருவர், விவாகரத்தின் பின் அதை மாற்றாமல் இறந்தால், முன்னாள் மனைவி அந்தச் சாசனத்தைக் காட்டி உரிமை கோரலாம். வழக்குக்கு அலைவது பிள்ளைகள்தான்.

மறுபக்கமும் உண்டு. விவாகரத்தின் பின் பிள்ளைகளுக்கென்று சாசனம் எழுதிவிட்டு நீங்கள் மறுமணம் செய்தால், அந்தச் சாசனம் செல்லாது. திருமணத்துக்குப் பின் திரும்ப எழுத வேண்டும்.

சாசனமே இல்லாவிட்டால், விவாகரத்தான துணைக்கு வாரிசுரிமை இல்லை. பிள்ளைகளின் உரிமை அப்படியே இருக்கும். ஆனால் பிரிந்து வாழ்வது விவாகரத்து ஆகாது. பத்து வருடம் முகம் பாராவிட்டாலும் சட்டத்தில் அவர் துணைதான். தேசவழமைக்கு உட்பட்டவர் சாசனமின்றி இறந்தால், அவருக்குரிய தேடியதேட்டத்தில் பாதி அந்தத் துணைக்கே சேரும். மாவட்ட நீதிமன்றத்தின் முதல் தீர்ப்பும் போதாது. குறைந்தது 3 மாதம் கழித்துக் கிடைக்கும் இறுதித் தீர்ப்போடுதான் திருமணம் முடிகிறது. அந்தப் பிரதியைக் கட்டாயம் எடுத்து வையுங்கள்.

புதிய சாசனத்தில் நொத்தாரிசுக்கும் 2 சாட்சிகளுக்கும் முன்னால் கையெழுத்திட வேண்டும். நொத்தாரிசு இல்லையென்றால் 5 சாட்சிகள் வேண்டும்.

வன்னியில் பலரிடம் இருப்பது காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரக் காணி.  உங்களுக்குப் பின் யாருக்கு என்று பதிந்த பெயரே முக்கியம். விவாகரத்தானவர்கள் பிரதேச செயலகக் காணிப் பிரிவில், யாருடைய பெயர் பதிவில் இருக்கிறது என்று பார்த்து, வேண்டுமானால் மாற்றிப் பதியுங்கள்.

முஸ்லிம் குடும்பங்களின் வாரிசுரிமைக்குத் தனிச் சட்டம் உண்டு; இங்கே சொன்னவை அவர்களுக்கு அப்படியே பொருந்தா.

சட்டத்தரணிக்குப் பணம் கொடுக்க வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தை நாடலாம். போகும்போது திருமணப் பதிவுச் சான்றிதழ், தீர்ப்பின் பிரதி, காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரம் ஆகியவற்றில் கையில் மிஞ்சியிருப்பதை எடுத்துச் செல்லுங்கள்.