படித்தாலே இடம் போகிறதா? சர்வரில் ஏடைமை நிறுத்துங்கள்

மண்ணூரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு சிறு பட்டறை. மாடிப்படிக்கு அடியில், யுபிஎஸ்ஸை ஒட்டி ஒரு லினக்ஸ் சர்வர். டிராயிங், இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் என்று ஒரு லட்சம் ஃபைல், டிஸ்க்கில் பிடிஆர்எஃப்எஸ், தினம் ஒரு ஸ்னாப்ஷாட், 30 நாள் இருப்பு. ஆயுத பூஜை விடுமுறையில் யாரும் எதையும் திருத்தவில்லை. திரும்பி வந்து பார்த்தால் இடம் குறைந்திருந்தது. இரவில் ஓடிய ஆன்டிவைரஸ் எல்லா ஃபைலையும் படித்திருந்தது, அவ்வளவுதான்.

ஒரு ஃபைலைக் கடைசியாக எப்போது படித்தார்கள் என்று லினக்ஸ் குறித்து வைக்கும். அதுதான் ஏடைம். பிடிஆர்எஃப்எஸ்ஸில் அது வெறும் 12 பைட். ஆனால் அதை மாற்ற 16 கேபி மெட்டாடேட்டா பிளாக் முழுவதையும் புது இடத்தில் எழுத வேண்டும். பழைய பிளாக்கை ஸ்னாப்ஷாட் விடாது. ஒற்றை டிஸ்க் என்றால் மெட்டாடேட்டா வழக்கமாக இரண்டு பிரதி, ஆக 32 கேபி. பிளாக்குக்கு 20 ஃபைல் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு இரவுக்கு 5,000 பிளாக், சுமார் 156 எம்பி. முப்பது ஸ்னாப்ஷாட்டுக்கு நாலரை ஜிபி.

"ரெலடைம்தான் இருக்கிறதே" என்பார்கள். ஒவ்வொரு முறை படிக்கும்போதும் ஏடைமை மாற்றாத அமைப்பு அது; 2009-இல் வந்த 2.6.30 கர்னல் முதல் அதுதான் இயல்பு. ஆனால் பழைய ஏடைம் 24 மணி நேரத்தைத் தாண்டியிருந்தால் அதுவும் புதுப்பித்துவிடும். தினசரி ஸ்கேனும் தினசரி ஸ்னாப்ஷாட்டும் சேர்ந்த இடத்தில் அது பெரிதாகக் காப்பாற்றாது.

முதலில் நோயை உறுதி செய்யுங்கள். ஓர் இரவு ஆன்டிவைரஸை நிறுத்திவைத்து, மறுநாள், சில நாளாக யாரும் தொடாத ஃபைல் ஒன்றை எடுத்து, ஸ்டாட் கட்டளையில் ஏடைமைக் குறித்துக்கொள்ளுங்கள். கேட் கட்டளையால் படித்துவிட்டு மறுபடி ஸ்டாட். நேரம் மாறினால் ஏடைம் வேலை செய்கிறது. இன்று திறந்த ஃபைலிலோ நேற்றிரவு ஆன்டிவைரஸ் படித்த ஃபைலிலோ சோதித்தால் ரெலடைம் ஏமாற்றிவிடும். டியூ கட்டளையை நம்ப வேண்டாம், அதில் மெட்டாடேட்டா தெரியாது. பிடிஆர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் யூசேஜ் காட்டும் மெட்டாடேட்டா வரியைப் பாருங்கள்.

அடுத்து எஃப்எஸ்டேப். சப்வால்யூம்களைத் தனித்தனியாக மவுண்ட் செய்திருந்தால் ஒவ்வொரு வரியிலும், ஏடைமை நிறுத்தும் நோஏடைம் என்ற ஆப்ஷனைச் சேருங்கள். ஒன்றை விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு. டைரக்டரிகளுக்கும் அதுவே போதும். ரீமவுண்ட் செய்து, ஃபைண்ட்மவுண்ட் கட்டளையில் சரிபாருங்கள். இசட்எஃப்எஸ் என்றால் ஏடைம் பிராப்பர்ட்டியை ஆஃப் ஆக்கினால் முடிந்தது.

ஸ்னாப்ஷாட் ஃபோல்டருக்குள் ஆன்டிவைரஸை விடாதீர்கள். பேக்கப்பை ரீட்-ஒன்லி ஸ்னாப்ஷாட்டிலிருந்து எடுங்கள். அங்கே ஏடைம் மாறாது.

குவாலிட்டி பிரிவிலிருந்து ஒரு குரல் வரும்: "டிராயிங்கைப் பார்த்ததற்கு ஆடிட்டில் ஆதாரம் வேண்டுமே?" ஏடைம் அதற்கு ஆதாரமே இல்லை. யார் பார்த்தார் என்று அது சொல்லாது. ஆன்டிவைரஸ் பார்த்தாலும் அதே குறிப்புதான். சாம்பாவின் ஆடிட் பதிவை இயக்குங்கள். பழைய படிகளை ஏடைம் பார்த்து அழிக்கும் ஸ்கிரிப்ட் ஏதாவது இருந்தால் மட்டும் முன்கூட்டியே மாற்றிவிடுங்கள்.

நோஏடைம் போட்ட அன்றே டிஸ்க் காலியாகாது. பழைய ஸ்னாப்ஷாட்கள் ஒவ்வொன்றாக அழிய அழியத்தான் இடம் திரும்பும். முப்பது நாள் பொறுங்கள். அதற்குள் புது டிஸ்க்குக்கு ஆர்டர் போட்டுவிடாதீர்கள்.