கோயில் கொடுத்த ஊர்

திருவனந்தபுரம் நகரத்துக்கு வடக்கே, கடற்கரையில் ஓர் ஊர் இருக்கிறது. அதன் பெயர் தும்பா. மலையாளத்தில் தும்பைச் செடியையும் இப்படித்தான் சொல்வார்கள். ஒரு காலத்தில் அங்கே தென்னை மரங்களும் மீனவர் குடிசைகளும்தான் இருந்தன. நடுவில் ஒரு கோயில். அது புனித மகதலேன் மரியாள் கோயில்.

இன்று தும்பாவின் பெயர் உலகம் எங்கும் தெரியும். எப்படித் தெரிந்தது?

எங்கள் வகுப்பில் மீன் விற்கும் அக்கா ஒருவர் கேட்டார்: "வானத்தில் ராக்கெட் விடுகிறார்கள். அதனால் நமக்கு என்ன லாபம்?"

நல்ல கேள்வி. பதிலைத் தேடிப் பார்ப்போம்.

ஏன் தும்பா?

பூமி ஒரு பெரிய காந்தம் போன்றது. அதற்கு ஒரு நடுக்கோடு உண்டு. அதைக் கண்ணால் பார்க்க முடியாது. அந்தக் கோடு தும்பாவை ஒட்டிப் போகிறது. அங்கே தலைக்கு மேலே சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், பகல் நேரத்தில் மின்சாரம் ஆறுபோல ஓடுகிறது. அதை ஆராய விஞ்ஞானிகள் விரும்பினார்கள்.

பலூன் அவ்வளவு உயரம் போகாது. செயற்கைக்கோள் அதற்கும் மேலே சுற்றும். இடையில் உள்ள வானத்துக்கு ராக்கெட்தான் போக வேண்டும். பக்கத்திலேயே கடல் இருப்பதும் வசதி. எரிந்து முடிந்த ராக்கெட் யார் தலையிலும் விழாது.

ஆயரும் விஞ்ஞானியும்

விக்ரம் சாராபாய் என்ற விஞ்ஞானி இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். ஆனால் அங்கே வீடுகள் இருந்தன. கோயிலும் இருந்தது. மக்களிடம் எப்படிக் கேட்பது?

சாராபாய் ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேராவைப் போய்ப் பார்த்தார். ஆயர் உடனே பதில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வரச் சொன்னார். அன்று மக்கள் முன்னால் விஷயத்தை எடுத்துச் சொன்னார். அறிவியலும் மனிதருக்கு நன்மை செய்கிறது, ஆன்மிகமும் நன்மை செய்கிறது என்று விளக்கினார். கோயிலைக் கொடுக்கலாமா என்று கேட்டார். மக்கள் எல்லாரும் சேர்ந்து "ஆமென்" என்றார்கள். அப்துல் கலாம் இதைப் பல முறை சொல்லியிருக்கிறார்.

மீனவர்கள் வேறு இடத்துக்குக் குடி போனார்கள். அங்கே அவர்களுக்குப் புதிய கோயில் கட்டப்பட்டது. ஆனாலும் பிறந்த மண்ணை விட்டுப் போவது சின்ன விஷயமா? ஞானஸ்நானம் பெற்ற கோயில், கல்யாணம் நடந்த கோயில். அதைக் கொடுத்தவர்களின் பெயர்கள் பலருக்குத் தெரியாது. நாம் அவர்களை மறக்கக் கூடாது.

முதல் ராக்கெட்

பழைய கோயிலில் விஞ்ஞானிகள் வேலை தொடங்கினார்கள். ஆயர் வீடு அலுவலகம் ஆனது. ராமேஸ்வரத்துப் படகுக்காரர் மகன் அப்துல் கலாமும் அங்கே வேலை செய்தார். அப்போது அவருக்கு வயது 32. அவர்தான் பிற்காலத்தில் நம் குடியரசுத் தலைவர் ஆனார்.

1963 நவம்பர் 21. முதல் ராக்கெட் புறப்படும் நாள். ராக்கெட் அமெரிக்காவில் இருந்து வந்தது. கோயிலுக்குள் அதைப் பூட்டினார்கள். லாரியில் ஏற்றிக் கொண்டு போனார்கள். கிரேன் அதைத் தூக்கியது. அந்த நேரம் பார்த்துக் கிரேனில் எண்ணெய் கசிந்தது. ராக்கெட் சாய்ந்தது!

பழுது பார்க்க நேரம் இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? எல்லாரும் சேர்ந்து கை கொடுத்தார்கள். தோள் பலத்தாலேயே ராக்கெட்டைத் தூக்கி நிறுத்தினார்கள்.

மாலையில் ராக்கெட் சீறிக் கிளம்பியது. சுமார் 200 கிலோமீட்டர் உயரம் போனது. அது வானத்தில் சோடியம் என்ற பொருளை ஆவியாக விட்டது. அந்தி வானத்தில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது.

அந்த நாட்களில் ராக்கெட்டின் மூக்குப் பகுதியைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக் கொண்டு போனார்கள். 1967-ல் நாமே செய்த சிறிய ராக்கெட் தும்பாவில் இருந்து பறந்தது. 2023 ஆகஸ்ட் 23-ல் நம் சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. பழைய கோயில் இப்போது விண்வெளிக் காட்சியகமாக இருக்கிறது.

நமக்கு என்ன லாபம்?

இப்போது அக்காவின் கேள்விக்கு வருவோம்.

2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் வந்தது. திருவனந்தபுரம், கன்னியாகுமரி மீனவர்கள் பலர் முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்டார்கள். புயல் செய்தி அவர்களை எட்டவில்லை. பலர் திரும்பி வரவே இல்லை.

வானத்தில் செயற்கைக்கோள் இருந்தது. ஆனால் படகில் செய்தி வாங்கும் கருவி இல்லை. அறிவு மேலேயே நின்றுவிட்டது. அதற்குப் பிறகுதான் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வாங்கும் கருவிகளைப் படகுகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். கரையில் இருந்து வெகுதூரம் போனாலும் எச்சரிக்கை வரும். அது எழுத்தாக வரும்.

எழுத்தைப் படிக்க ஆள் வேண்டும் அல்லவா? படகில் ஒருவருக்குப் படிக்கத் தெரிந்தால் படகில் உள்ள எல்லாரும் பிழைக்கலாம்.

தும்பா மீனவர்கள் அன்று கோயிலைக் கொடுத்தார்கள். அதன் பலன் மீனவர் படகுக்கு வந்து சேர வேண்டும். அதுதான் நியாயம்.

பேசுவோம்

1. விஞ்ஞானிகள் ஏன் தும்பாவைத் தேர்ந்தெடுத்தார்கள்?
2. ஆயர் ஏன் தானே முடிவு செய்யாமல் மக்களிடம் கேட்டார்?
3. உங்கள் ஊரில் பொது வேலைக்காக யாராவது நிலம் கொடுத்தார்களா? அவர்களுக்கு என்ன கிடைத்தது?

எழுதிப் பழகுவோம்

ராக்கெட், விஞ்ஞானி, காந்தம், செயற்கைக்கோள், எச்சரிக்கை