அப்சர்வ் என்னும் ஆங்கிலச் சொல்லும் நற்கடைப்பிடியும்

கிழக்கேகோட்டையில் நாம் நடத்திவரும் அறநெறி வகுப்புக்கு வரும் அன்பர்கள் வீட்டில் தமிழும், கடைவீதியில் மலையாளமும், அலுவலில் ஆங்கிலமும் வழங்குகின்றவர்கள். ஆகவே எண்வழியின் ஏழாம் உறுப்பாகிய சம்மா சதியை விளக்கப் புகும்போதெல்லாம், அதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல் என்னும் வினா எழுகின்றது. ‘நோட்டீஸ்’ செய்தல் என்பார் ஒருவர். ‘அட்டெண்ட்’ செய்தல் என்பார் மற்றொருவர். ‘அப்சர்வ்’ என்பார் பிறிதொருவர். மூன்றும் ஒரே பொருளைத் தரும் சொற்கள்தாமே, எதை வைத்தால் என்ன என்று கேட்பாரும் உளர். இச்சொற்களின் பொருள் வேற்றுமையைப் பொருட்படுத்தாது விடுவோமாயின் தியானப் பயிற்சியே வேறொன்றாக மாறிவிடும் ஆதலின், இம்முறை இதனையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

‘நோட்டீஸ்’ என்பது அறியப்பட்டது என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லினின்று பிறந்தது. ஆங்கிலத்தில் முதற்கண் அது செய்தி, அறிவிப்பு என்னும் பெயர்ச்சொல்லாகவே வழங்கியது. கண்ணிற்பட்டதை அறிதல் என்னும் வினைப்பொருள் 18ஆம் நூற்றாண்டில்தான் ஊன்றியது. நம் மக்களோ பழைய பொருளையே பிடித்துக்கொண்டனர். ஆலைத் தொழிலாளரிடம் நோட்டீஸ் என்று சொன்னால் வாயிற்கதவில் ஒட்டப்படும் தாள்தான் அவர் நினைவுக்கு வரும். அது நல்ல செய்தியாக இருப்பது அரிது. ‘அட்டெண்ட்’ என்பதற்கு ஒன்றை நோக்கி நீட்டுதல் என்பது வேர்ப்பொருள். மனத்தை ஒரு பொருளின்பால் நீட்டுவது கவனம் ஆயிற்று. உடலைக் கொண்டுபோய் நிறுத்துவது வருகைப் பதிவாயிற்று. உடல் வந்து மனம் வாராத அட்டெண்டென்ஸ் பள்ளியிலும் ஆலையிலும் தியானக் கூடத்திலும் ஏராளம்.

இனி ‘அப்சர்வ்’ என்பதைக் காண்போம். இச்சொல்லின் உள்ளே இருக்கும் இலத்தீன் வேருக்குக் காத்தல், பேணுதல் என்பது பொருள். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் இது புகுந்தபோது விதியைப் பேணி ஒழுகுதல், நோன்பைக் காத்தல் என்னும் பொருளே முந்தி நின்றது. கூர்ந்து பார்த்தல் என்னும் பொருள் 16ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. இன்றும் இரண்டு பொருளும் ஒரே சொல்லில் வாழ்கின்றன. உபோசத நாளில் எட்டுச் சீலங்களை மேற்கொள்வதற்கும் ஆங்கிலத்தில் இதுவே சொல். வானத்து மீனை உற்று நோக்குவதற்கும் இதுவே சொல்.

இஃது ஆங்கிலத்தின் விசித்திரம் என்று எண்ணிவிட வேண்டா. குழந்தையைப் பார்த்துக்கொள் என்று நாம் சொல்லும்போது வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்கச் சொல்லுகின்றோமா? நோக்குதல் என்னும் தமிழ்ச் சொல்லுக்குக் காணுதலேயன்றிக் காத்தல் என்னும் பொருளும் உண்டு. மலையாள அன்பர்கள் குழந்தையை நோக்கணும் என்று நாள்தோறும் வழங்குவதில் அப்பொருள் இன்றளவும் உயிரோடிருக்கின்றது. கவனித்தல் என்பதும் அத்தகையதே. நோயாளியைக் கவனிக்கின்றோம், விருந்தினரைக் கவனிக்கின்றோம். (அதிகாரியைக் கவனிப்பது என்றொரு வழக்கும் நாட்டில் உண்டு, அதனை இங்கு ஆராயாது விடுவோம்.)

இவ்விரு பொருளும் ஒன்றுகூடிய இடம் நம் நகரிலேயே உள்ளது. 1837ஆம் ஆண்டில் சுவாதித் திருநாள் மகாராசா பாளையத்தை அடுத்த குன்றின்மேல் வானாய்வுக்கூடம் ஒன்றை நிறுவினார். அதனை ஆங்கிலத்தில் ‘அப்சர்வேட்டரி’ என்று வழங்குவர். முதலில் அதன் தலைவராக இருந்தவர் ஜான் கால்டிகாட். 1852இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் பிரௌன் என்பவர் காந்த ஊசியின் திசை நாளுக்கு நாள், மணிக்கு மணி எவ்வாறு சிறிது சிறிதாக மாறுகின்றது என்பதைப் பதிவு செய்யும் வேலையில் இறங்கினார். இந்நகரில் மட்டும் செய்தால் போதாதென்று 1855இல் அகத்தியமலையின் உச்சியில், ஏறத்தாழ 6,200 அடி உயரத்தில், மற்றொரு கூடத்தையும் அமைத்தார். 1852 முதல் 1869 வரை இவ்விடங்களில் எடுக்கப்பட்ட அளவுகள் 1874இல் நூலாக வெளிவந்தன.

இவ்வேலையின் தன்மையை எண்ணிப் பாருங்கள். காந்த ஊசியை ஒருமுறை பார்த்து, அது வடக்கு நோக்கி நிற்கின்றது என்று சொல்ல யாராலும் இயலும். அது நோட்டீஸ். குறித்த மணி தவறாது சென்று, பனியிலும் மழையிலும் அளவை எடுத்து எழுதி, நேற்றைய அளவோடும் சென்ற ஆண்டின் அளவோடும் ஒப்புநோக்குவது அப்சர்வ். நேரத்தைக் காவாதவன் ஊசியைக் காண்பதனால் பயனில்லை. முன்னதை மறந்துவிட்டவனுக்கு மாற்றம் என்பதே தென்படாது. நூற்பாலையில் ரிங் பிரேம்களுக்கிடையே நடப்பவர்களும் இதனை அறிவர். இழை அறுந்து தொங்குவதை ஆலையைச் சுற்றிப் பார்க்க வருபவரும் காண்பர். இதே கதிரில் சற்று முன்னும் இழை அறுந்ததே என்று நினைவில் வைத்திருக்கும் தொழிலாளியே, இழையை ஒட்டியதோடு போகாமல், டிராவலர் தேய்ந்திருக்கின்றதா என்று ஆராய்வார்.

பாளியில் ‘சதி’ என்பதும் வடமொழியில் ‘ஸ்மிருதி’ என்பதும் ஒன்றே. இரண்டிற்கும் வேர்ப்பொருள் நினைவு. இந்திரிய சம்யுத்தத்தில் பகவன் சதியை விளக்குமிடத்து, நெடுங்காலத்துக்கு முன் செய்ததையும் சொன்னதையும் நினைவுகூரவல்ல ஆற்றல் என்றே விளக்குகின்றார். இலங்கையில் ஆங்கில அரசின் அலுவலராயிருந்த காலத்தில் பாளி பயின்ற ரைஸ் டேவிட்ஸ், 1881இல் வெளியான தம் மொழிபெயர்ப்பில் இதற்கு ‘மைண்ட்புல்னெஸ்’ என்னும் சொல்லை ஆண்டார். அதுவே இன்று உலகமெங்கும் பரவியுள்ளது. அவர் தேர்ந்த சொல் பிழையுடையதன்று. ‘மைண்ட்’ என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் நினைவு என்பதே முதன்மைப் பொருள். நினைவூட்டுதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் இன்றும் அது ஒட்டிக்கொண்டிருக்கின்றது. ஆனால் இக்காலத்தில் அச்சொல்லைக் கேட்போர் நினைவு என்னும் பொருளை அடியோடு விட்டுவிட்டு, மூச்சையும் உடலையும் நிகழும் கணத்தையும் நோட்டீஸ் செய்தல் என்னும் அளவில் நின்றுவிடுகின்றனர். அலுவலகங்களிலும் தொழிற்கூடங்களிலும் மன இறுக்கம் தீர்க்கும் மருந்தாக அது வழங்கப்படுகின்றது. அதனால் ஒருவருக்கு இரவில் உறக்கம் வருமாயின் அதனை நாம் வெறுக்க வேண்டுவதில்லை. எனினும் அதுவே எண்வழியின் ஏழாம் உறுப்பு என்று சொல்லும்போது மறுத்தே ஆகவேண்டும். பூட்டை உடைப்பவனுக்கும் கூர்ந்த கவனம் உண்டு. திரிபிடகம் சம்மா சதியை மட்டும் கூறவில்லை. மிச்சா சதி, அதாவது தீய கடைப்பிடி, என்று ஒன்றையும் கூறுகின்றது. தீக்காட்சியை விட்டு நற்காட்சியில் புகுவதை மறவாதிருப்பதே சம்மா சதி என்று மச்சிம நிகாயத்தின் 117ஆம் சூத்திரம் விளக்குகின்றது. எதை நோக்குகின்றோம் என்பதோடு, எதைக் காப்பதற்காக நோக்குகின்றோம் என்பதும் அதில் அடங்கியுள்ளது.

சம்யுத்த நிகாயத்தில் கிம்சுகம் என்னும் சூத்திரம் ஒன்றுண்டு. ஆறு வாயில்களை உடைய எல்லைப்புறக் கோட்டைநகர் ஒன்று அதில் உவமையாக வருகின்றது. நகர் உடல், வாயில்கள் ஆறு புலன்கள், வாயிற்காவலன் சதி. அறிந்தவரை உள்ளே விட்டு அறியாதவரைத் தடுப்பது அவன் கடமை. கோட்டையின் பெயராலேயே அழைக்கப்படும் ஊரில் இருக்கும் நமக்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். வருகின்ற முகத்தைக் காவலன் கண்டால் மட்டும் போதுமா? முன்பு தீங்கு செய்த முகம் எது என்பது அவன் நினைவில் இருக்கவேண்டும்; காக்கவேண்டிய நகரின்மேல் அன்பும் இருக்கவேண்டும். இவை இல்லாதவன் வாயிலில் நட்டுவைத்த கல்தூணே.

இவ்விடத்தில் மற்றொன்றும் சொல்லத் தோன்றுகின்றது. இக்கோட்டைக்குள் உள்ள பத்மநாபசுவாமி கோவிலின் வாயில்களிலும் காவல் இருந்தது. 1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் கோவில் நுழைவுப் பிரகடனம் வெளியாகும்வரையில் அக்காவல் கூர்ந்து நோக்கியது வருபவரின் பிறப்பை. சூத்திரத்தின் காவலனோ வாயிலுக்கு வரும் எண்ணம் ஆசையா, வெகுளியா, மயக்கமா என்று பார்க்கின்றான். விழிப்பு இரண்டிடத்தும் உண்டு. ஆதலின் விழிப்பு என்ற ஒன்றை மட்டும் அறமென்று கொள்ளுதல் எவ்வாறு பொருந்தும்?

பிரௌன் ஊசியை நோக்கிய அகத்தியமலைக்கும் பௌத்தர்களாகிய நமக்கும் ஒரு தொடர்புண்டு. 11ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரனார் இயற்றிய வீரசோழியம், அகத்தியர் தமிழைக் கேட்டறிந்தது அவலோகிதனிடம் என்கின்றது. அவலோகிதன் உறைவதாகச் சொல்லப்படும் போதலக மலை இப்பொதிகைப் பகுதியே என்று கருதும் ஆராய்ச்சியாளரும் உளர். அவலோகிதன் என்னும் பெயரின் வேர், கீழ்நோக்கிப் பார்த்தல் என்பது. மகாயான மரபில் அப்பார்வை துன்புறும் உயிர்களை அருளோடு காக்கும் பார்வை. பார்த்தலும் காத்தலும் இங்கும் பிரியாமல் நிற்கின்றன.

தமிழில் சம்மா சதிக்கு நற்கடைப்பிடி என்னும் பெயர் பௌத்தரிடையே வழங்கி வருகின்றது. கடைப்பிடி என்றால் விடாது ஒழுகுதல் என்று மட்டுமே இன்று நினைக்கின்றோம். இறையனார் களவியலின் உரையோ அறிவு, நிறை, ஓர்ப்பு, கடைப்பிடி என நான்கு குணங்களைக் கூறி, கடைப்பிடி என்பது மனத்திற் கொண்டதை மறவாமை என்று பொருள் காண்கின்றது. சதியின் நினைவுப் பொருளும், அப்சர்வ் என்பதன் பேணுதற் பொருளும் இவ்வொரு சொல்லில் வந்து கூடுவதால், கவனம், விழிப்பு என்னும் சொற்களைவிட இதுவே தகுதியுடையதென நாம் கருதுகின்றோம்.

நம் நகரில் இன்னொரு மயக்கமும் நேர்கின்றது. இரயில் நிலைய ஒலிபெருக்கி தமிழில் பயணிகளின் கவனத்தை வேண்டுகின்றது. மலையாளத்தில் அதற்கே சிரத்தை என்னும் சொல் வழங்குகின்றது. அங்குச் சிரத்தை என்றால் கவனம். பாளியில் அது ‘சத்தா’, அதாவது தெளிந்த நம்பிக்கை. ஐந்து இந்திரியங்களுள் சத்தா முதலாவது, சதி மூன்றாவது. மலையாளம் மட்டும் பயின்ற மாணவர்கள் இரண்டையும் ஒன்றாக எழுதிவிடுகின்றனர். சதி என்னும் ஒலி தமிழிலும் மலையாளத்திலும் வஞ்சகம் என்னும் பொருளைத் தருவதால் புதிதாக வருவோர் நகைப்பதும் உண்டு. ஆகையால் வகுப்பெடுக்கும் அன்பர்கள் பாளிச் சொல்லைச் சொன்னவுடன் தமிழருக்கு நற்கடைப்பிடி என்றும், மலையாள அன்பர்களுக்குச் சம்யக் ஸ்மிருதி என்றும் சேர்த்தே சொல்லுவாராக. ஆங்கிலம் வேண்டுவோர்க்கு மைண்ட்புல்னெஸ் என்பதைக் கூறி, அப்சர்வ் என்னும் சொல்லின் இரு பொருளையும் கொண்டு அதனை விளக்கலாம். சதிபட்டான சூத்திரத்தின் நான்கு நிலைகளுள் முதலாவதாகிய உடல்நோக்கை அடுத்த பாடத்தில் எடுத்துக்கொள்வோம்.